சென்னையில் லேசர் இயற்பியல்: பி.எஸ்சி.யிலிருந்து சொந்த லேப் வரை

லேசர் ஆராய்ச்சிக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் கேட்பது, "எந்தக் காலேஜ் நல்லது?" என்றுதான். நான் எதிர்க்கேள்வி கேட்பேன்: "எந்த லேபில் கை வைக்க விடுவார்கள்?" லேசர் இயற்பியலில் கோட்பாட்டுப் பக்கமும் உண்டு, அதற்குப் பேனாவும் கணினியும் போதும். ஆனால் சோதனைப் பக்கம் வருகிறவருக்கு, ஆப்டிகல் டேபிள் (லேசரும் கண்ணாடிகளும் பொருத்தும் கனமான மேசை) முன்னால் நின்ற நேரம்தான் கடைசியில் கணக்கில் வரும். மார்க், காலேஜ் பேர், தேர்வு ரேங்க் எல்லாம் அந்த டேபிள் வரை கொண்டுபோய் விடும் டிக்கெட். கீழே வரும் படிகளை அந்தக் கணக்கில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதலில் காலக் கணக்கு. பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. ஐந்து (ஆறும் ஆகலாம்), அதற்கப்புறம் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிறகு இன்னொரு லேபில் செய்யும் ஆராய்ச்சி வேலை) இரண்டு முதல் நான்கு வருடம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நாளிலிருந்து சொந்த லேபுக்குச் சாவி வாங்கும் நாள் வரை பன்னிரண்டிலிருந்து பதினைந்து வருடம் ஓடிவிடும். நடுவில் எல்லாக் கல்யாண வீட்டிலும் ஏதாவது ஒரு அத்தை, "இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கியா?" என்று கேட்பார். வீட்டில் இந்தக் கணக்கை இப்போதே போட்டுக் காட்டிவிடுவது நல்லது. கடன் அடைக்க வேண்டிய குடும்பமாக இருந்தால், எம்.எஸ்சி. முடித்துச் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வருவதும் வழிதான். யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

பி.எஸ்சி. காலம்

சென்னையில் இயற்பியலுக்குப் பழைய, நல்ல கல்லூரிகள் பல உண்டு: மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் எம்.சி.சி., எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ், டபிள்யூ.சி.சி. சர் சி.வி. ராமன் படித்தது மாநிலக் கல்லூரியில். மாணவராக இருக்கும்போதே, 1906இல், ஒளியின் விளிம்பு விளைவு பற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழில் வந்துவிட்டது. எம்.சி.சி.யில் 1951இல் பட்டம் பெற்றவர் ஈ.சி.ஜி. சுதர்சன். லேசர் ஒளி சாதாரண விளக்கொளியிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைக் குவாண்டம் முறையில் எழுதும் வழியை 1963இல் தந்தவர்களில் ஒருவர்; பிற்பாடு தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். ஆக, இந்த ஊருக்கு ஒளியியல் புதிதல்ல.

ஆனாலும் இந்தப் பட்டியலில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சேரப்போகும் கல்லூரியில் மூன்றாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். நிறமாலைமானி ஆளுக்கொன்றா, ஐந்து பேருக்கு ஒன்றா? ஹீலியம்-நியான் லேசர் அலமாரியில் இருக்கிறதா, மேசையில் இருக்கிறதா? ரெக்கார்டு நோட்டில் போன வருட அளவுகளை அப்படியே எழுதினால் ஆசிரியர் கண்டுபிடிப்பாரா? மூன்றாவது கேள்விக்கு அந்த மாணவர் சிரித்தால் பதில் கிடைத்துவிட்டது.

பாடத்திட்டத்துக்கு வெளியே இரண்டு பழக்கம் வேண்டும். ஒன்று பைத்தான் என்னும் கணினி மொழி, அளவுகளை வரைபடமாக்கவும், புள்ளிகளுக்கு வளைகோடு பொருத்தவும், பிழையைக் கணக்கிடவும் தெரிந்தால் போதும். இன்னொன்று எலெக்ட்ரானிக்ஸ். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் போட்டோடயோடு, ஆப்-ஆம்ப், சால்டரிங் அயர்ன் எல்லாம் கைக்கடக்கமான விலையில் கிடைக்கும். ஒரு போட்டோடயோடை ஆம்ப்ளிபயரோடு இணைத்து, ட்யூப்லைட் ஒளி நொடிக்கு 100 முறை துடிப்பதைத் திரையில் பார்த்துவிட்டால் (பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டாக இருக்க வேண்டும்), பாதிப் பயம் போய்விடும்.

வகுப்பில் கிடைக்காத பாடத்துக்கு என்.பி.டி.இ.எல். காணொளிகள் இருக்கின்றன. லேசர், ஒளியியல், நேரியலற்ற ஒளியியல் எல்லாவற்றுக்கும் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் முழுப் பாடங்கள் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். உட்கார்ந்து படிக்கக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை விட்டால் வேறு நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை

சிவப்பு லேசர் பாயின்டர் (அலைநீளம் சுமார் 650 நானோமீட்டர்), ஒரு பழைய சி.டி., ஒரு டி.வி.டி., நடுவில் துளையிட்ட ஒரு பெரிய அட்டை. பாயின்டரை ஸ்டாண்டில் கட்டி, ஒளி அட்டைத் துளை வழியாகப் போய் 20 செ.மீ. தள்ளி நிற்கும் சி.டி.யில் செங்குத்தாகப் படும்படி வையுங்கள். திரும்பி வரும் ஒளி அட்டையில், துளைக்கு இரு பக்கமும் சுமார் 9 செ.மீ. தூரத்தில் புள்ளியாக விழும். சி.டி.யின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான், அது ஒரு கீற்றணி (ஒளியை அலைநீளத்துக்கேற்ற கோணத்தில் திருப்பும் நெருக்கமான கோடுகளின் வரிசை) போல வேலை செய்கிறது. இப்போது சி.டி.யை எடுத்துவிட்டு டி.வி.டி.யை வையுங்கள். தட இடைவெளி 0.74 மைக்ரான்தான் என்பதால் புள்ளி 37 செ.மீ. தூரத்துக்கு ஓடிவிடும், சின்ன அட்டையாக இருந்தால் சுவரில்தான் தேட வேண்டும். ப்ளூ-ரே தட்டு கிடைத்தால் அதையும் வைத்துப் பாருங்கள்: இடைவெளி 0.32 மைக்ரான், பக்கப் புள்ளியே வராது. ஏன் வராது என்று ஒரு வரிச் சமன்பாட்டில் காட்ட முடிந்தால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும். திரும்பி வரும் ஒளி எங்கே போகும் என்று முன்கூட்டியே யோசித்து, முகத்தை அந்த வழியில் வைக்காமல் இருப்பதும் சோதனையில் சேர்த்தி.

ஒரு எச்சரிக்கை. மலிவான பச்சைப் பாயின்டர் வாங்காதீர்கள். அதற்குள்ளே 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தை இயக்கி 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை உண்டாக்குகிறது. அது பாதி அலைநீளமாகி 532 பச்சையாக வெளிவருகிறது. வடிகட்டி வைக்காத மலிவுச் சரக்கில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கூடவே வெளியே வரும். கண் கூசாததால் இமை மூடாது, ஆபத்தே அதுதான்.

கோடை விடுமுறையை விடாதீர்கள்

இரண்டாம் வருடக் கோடையிலேயே ஒரு ஆராய்ச்சி லேபுக்குள் போய்விட வேண்டும். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை, ஐ.ஐ.டி. மெட்ராஸின் கோடைத் திட்டம், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் திட்டம், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் கோடைப் பயிற்சி என்று வழிகள் பல. அகாடமித் திட்டத்துக்கு முந்தைய வருடக் கடைசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரலில் விழித்தால் பஸ் போயிருக்கும்.

திட்டங்களில் இடம் கிடைக்காவிட்டால் நேரடியாகப் பேராசிரியருக்கு மின்னஞ்சல். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்" என்று ஆரம்பித்து நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் நாற்பது பேரும் அதைத் திறக்காமலே விடுவார்கள். ஒரே ஆளுக்கு எழுதுங்கள். பெயர் சொல்லி எழுதுங்கள். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, "மூன்றாவது படத்தில் திறன் ஏற ஏற வளைவு தட்டையாவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, டிடெக்டர் நிரம்பிவிடுவதாலா, மாதிரியின் இயல்பா?" என்கிற அளவில் உண்மையான ஒரு கேள்வி வையுங்கள். எந்த மாதங்களில் வர முடியும், சால்டரிங் தெரியுமா, பைத்தான் தெரியுமா, இவ்வளவு போதும். மதிப்பெண் பட்டியலை இணையுங்கள்; அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம். இரண்டாவது நினைவூட்டல் தொல்லை.

இடம் தேடும்போது ஊரின் அமைப்பு உங்களுக்குச் சாதகம். ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், அதே தரமணியில் சி.எஸ்.ஐ.ஆர். வளாகம் எல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன. ஒரு இடத்தில் கருத்தரங்கு கேட்டுவிட்டு மாலையில் இன்னொரு இடத்தில் ஆளைப் பார்க்கலாம். கருத்தரங்கு பாதி புரியாது. பரவாயில்லை, கடைசி வரிசையில் உட்காருங்கள்; கேள்வி நேரத்தில் யார் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்தாலே நிறையத் தெரிந்துவிடும்.

தேர்வுகள்

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம். பிப்ரவரியில் வரும், மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். பிஎச்.டி.க்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் (வழக்கமாக வருடத்துக்கு இரண்டு முறை), கேட், ஜெஸ்ட், டாட்டா நிறுவனத்தின் தனித் தேர்வு. இயற்பியல் நெட்டில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் 'சி' பகுதி மட்டும் 100. கேள்விக்கு ஐந்து மதிப்பெண், தப்பானால் கால் பங்கு போகும். 'சி' பகுதியில் எல்லாவற்றிலும் கை வைக்காமல், தெரிந்ததை மட்டும் முழுதாகப் போடுகிறவர்தான் ஜே.ஆர்.எப். (பிஎச்.டி. செய்ய மாதாமாதம் தரும் உதவித்தொகை) வாங்குகிறார்.

தேர்வுக்கான கோச்சிங் பற்றி என் அபிப்பிராயம்: பழைய கேள்வித்தாள்களும் இரண்டு நண்பர்களும் இருந்தால் கோச்சிங் தேவையில்லை. தனியாகப் படித்தால் தூக்கம் வருகிறவர்கள் போகலாம்.

பொறியியல் படித்தவர்களுக்கும் வழி உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் லேசர் மற்றும் மின்-ஒளியியல் பொறியியல் என்றே ஒரு எம்.டெக். படிப்பு இருந்துவருகிறது. ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் துறையிலும் பைபர் லேசர், ஒளியியல் தொடர்பு ஆகியவற்றில் வேலை நடக்கிறது. 2023இல் ஒப்புதல் பெற்ற தேசியக் குவாண்டம் திட்டத்தில் (6,003.65 கோடி ரூபாய், எட்டு வருடம்) குவாண்டம் தொடர்புக்கான மையம் ஐ.ஐ.டி. மெட்ராஸில்தான் அமைகிறது. ஒற்றைப் போட்டான்களை அனுப்பவும் எண்ணவும் தெரிந்தவர்களுக்கு வரும் வருடங்களில் இங்கே வேலை இருக்கும்.

கைடைப் பார்க்கும்போது லேசரையும் பாருங்கள்

பிஎச்.டி.யில் இதுதான் பெரிய முடிவு. தலைப்பு எதுவாகவும் இருக்கட்டும், இரண்டு வருடத்தில் அது எப்படியும் மாறும். மாறாமல் ஐந்து வருடமும் கூடவே இருக்கப்போவது கைடும் அந்த லேபின் லேசரும்தான்.

நேர்காணலுக்குப் போனால், "லேபைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். உள்ளே போனதும் லேசர் ஓடுகிறதா பாருங்கள். "இப்போ சர்வீஸில் இருக்கு" என்றால், எத்தனை மாதமாக என்று விசாரியுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் உண்டா, அதற்குப் பணம் எந்த ப்ராஜெக்டிலிருந்து வருகிறது, அந்த ப்ராஜெக்ட் எப்போது முடிகிறது? இவை அதிகப்பிரசங்கித்தனமான கேள்விகள் இல்லை. பிளாஷ் விளக்கு வைத்த ஒரு லேசர் நொடிக்கு 10 துடிப்பு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 36,000 ஷாட். விளக்கு 3 கோடி ஷாட் தாங்கும் என்றால் சுமார் 830 மணி நேரம்; தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் நூறு நாள் சொச்சத்தில் புது விளக்கு வேண்டும். அதற்குக் கொட்டேஷன் வாங்கி, அரசு கொள்முதல் தளத்தில் பார்த்து, கமிட்டி கூடி, சாமான் சுங்கத்தைத் தாண்டி வருவதற்குள் ஒரு செமஸ்டர் போய்விடும். உதிரி விளக்கை அலமாரியில் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும் கைடு, ஸ்காலரின் காலத்தை மதிக்கிறவர். இந்த ஒரு அடையாளத்தை நான் எந்தப் பரிந்துரையை விடவும் நம்புவேன்.

அடுத்து, ஆட்கள். ஒரே லேசரை எத்தனை ஸ்காலர் பங்கு போடுகிறார்கள்? ஆறு பேர் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ராத்திரி ஷிப்ட். கடைசியாகப் பட்டம் வாங்கியவருக்கு எத்தனை வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்? யாராவது நடுவில் விட்டுப் போனார்களா? இதையெல்லாம் கைடு முன்னால் கேட்டால் எல்லாரும் சிரித்து மழுப்புவார்கள். சீனியரோடு வெளியே டீ குடிக்கப் போங்கள். "நல்ல மனுஷன்தான்" என்று அந்த "தான்" கொஞ்சம் நீண்டால் அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

ஒரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி, ஓய்வு பெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புது ஸ்காலரைச் சேர்க்கக் கூடாது. பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. அதற்கு மேல் மறுபதிவு செய்து இரண்டு வருடம் நீட்டிக்கலாம். ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் வழிநடத்தலாம். இளம் உதவிப் பேராசிரியரிடம் முதல் ஸ்காலராகச் சேரச் சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம் என்பேன். காலி அறையில் டேபிளைப் போடுவதிலிருந்து ஆரம்பிப்பதால் முதல் பேப்பர் தாமதமாகும். ஆனால் ஒரு லேபை ஒன்றுமில்லாமல் எழுப்பத் தெரிந்தவராக வெளியே வருவீர்கள்.

சென்னைக்கு வெளியேயும் பாருங்கள். இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையம் லேசருக்கும் துகள் முடுக்கிக்கும் என்றே உருவானது. மும்பை டாட்டா நிறுவனம், பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம், அகமதாபாத் பி.ஆர்.எல். என்று நல்ல லேப்கள் உள்ளன. அம்மா சமையலுக்காக ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்றால் அது உங்கள் இஷ்டம்.

கண் இரண்டுதான் இருக்கிறது

லேசர்களை ஆபத்தை வைத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். தொடர்ந்து எரியும் லேசரானால் 500 மில்லிவாட்டுக்கு மேல் போனாலே நாலாம் வகுப்பு. ஆராய்ச்சி லேபில் பெரும்பாலானவை அந்த வகைதான். சுவரில் பட்டுச் சிதறும் ஒளிகூடக் கண்ணைக் கெடுக்கலாம். 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான ஒளியைக் கண் வில்லை நேராக விழித்திரையில் குவித்துவிடும். 800, 1064 ஆகிய நமது வழக்கமான அலைநீளங்கள் அந்த வரம்புக்குள்ளே வருகின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதன் ஓரத்தில் எந்த அலைநீளத்தை எவ்வளவு தடுக்கும் என்று ஓ.டி. எண்ணாக அச்சிட்டிருக்கும். 1064க்கு ஆறு என்றால் அந்த ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மட்டும்தான் உள்ளே வரும். அதே கண்ணாடி 532 பச்சைக்கு வெறும் ஜன்னல் கண்ணாடியாக இருக்கலாம். தினமும் படித்துப் பார்த்துப் போடுங்கள்.

அதைவிட முக்கியம், உடம்பில் என்ன தொங்குகிறது என்பது. வாட்ச், மோதிரம், வளையல், செயின் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே. நம் ஊரில் எல்லாரும் மறப்பது கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு. டேபிள் மேல் குனியும்போது அந்தப் பளபளப்பான பிளாஸ்டிக்கும் அதன் உலோகக் கொக்கியும் பீமுக்குள் (லேசர் ஒளிக்கற்றைக்குள்) ஊஞ்சலாடும். கதவுக்கு வெளியே ஒரு ஆணி அடித்து, கார்டை அதில் மாட்டிவிட்டு வாருங்கள். ஸ்க்ரூ கீழே விழுந்தால் உடனே குனியாதீர்கள். பீம் உயரத்தைக் கண் கடக்கும் அந்த ஒரு நொடி போதும். முதலில் பீமை மறையுங்கள், அப்புறம் குனியுங்கள். டேபிள் உயரத்துக்குக் கண் வரும்படி நாற்காலி போட்டு உட்காருவதும் வேண்டாம்.

முதல் வருடம்: அலைன்மென்ட்

முதல் வருடத்தில் நீங்கள் செய்யப்போவது பெரும்பாலும் பீமை நேராக்குவதுதான். அடிப்படை இதோ. இரண்டு கண்ணாடிகள், அவற்றுக்குப் பின் இரண்டு துளைகள் (ஐரிஸ்), ஒன்று அருகில், ஒன்று தூரத்தில். திறனை மிகக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் கண்ணாடியின் திருகைத் திருப்பி அருகில் உள்ள துளையின் மையத்துக்குப் பீமைக் கொண்டுவாருங்கள். இரண்டாம் கண்ணாடியைத் திருப்பித் தூரத்துத் துளைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது அருகில் உள்ள துளையிலிருந்து பீம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மறுபடி முதல் கண்ணாடி, மறுபடி இரண்டாவது. ஒவ்வொரு சுற்றிலும் பிழை சுருங்கும். கண்ணாடிகளை மாற்றித் திருப்பினால் சுருங்குவதற்குப் பதில் பெருகும். புதுசாக வருகிறவர்கள் அரைநாள் போராடுவது பெரும்பாலும் இதில்தான். ஒரே நேரத்தில் இரண்டு திருகில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் பீம் எங்கே இருந்தது, திறன் எவ்வளவு, அறை வெப்பம் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள்; தமிழில் எழுதினாலும் சரிதான். மூன்றாம் வருடத்தில் ஒரு வளைவு ஏன் கோணலாக வந்தது என்று தேடும்போது அந்த வரிதான் கை கொடுக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். வேகமான போட்டோடயோடை ஆஸிலாஸ்கோப்பில் நேராக மாட்டி, சில நானோநொடித் துடிப்பு மைக்ரோநொடிக் கணக்கில் வால் நீட்டுவதைப் பார்த்து லேசர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்கோப்பின் உள்ளீட்டை 50 ஓமுக்கு மாற்றுங்கள், வால் சுருங்கிவிடும்.

சென்னைக்கென்றே உள்ள தொல்லை ஈரக்காற்று. அறையில் 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் பனித்துளி படியும் வெப்பநிலை 25 டிகிரி. லேசரைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீர் 20 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி கரண்ட் போய்த் திரும்பி வருகிறது. சில்லர் தானாக ஓட ஆரம்பிக்கிறது, ஏ.சி. ஓடவில்லை. காலையில் வந்து பார்த்தால் டயோடு மேலும் படிகத்தின் மேலும் முத்து முத்தாகத் தண்ணீர். அந்த நிலையில் லேசரை ஆன் செய்தால் பூச்சு எரிந்துவிடும். ஆகவே கரண்ட் போனால் சில்லர் தானாகத் திரும்ப ஆன் ஆகாதபடி இணைப்பை வைக்கச் சொல்லுங்கள். ஈரப்பதமானி ஒன்றை டேபிளுக்கு மேலே மாட்டுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலையில் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். உலர்ந்த நைட்ரஜனைப் பெட்டிக்குள் மெதுவாக விட வசதி இருந்தால் நல்லது. கண்ணாடிகளில் தூசி இருந்தால் முதலில் ஊதுங்கள். லென்ஸ் காகிதமும் சுத்தமான கரைப்பானும் அதற்கப்புறம். கீற்றணியை மட்டும் தொடவே கூடாது, துடைக்கவே கூடாது.

பேப்பர், மாநாடு

படிப்பதற்கு வழி: முதலில் படங்கள், அப்புறம் படத்துக்குக் கீழே உள்ள வரிகள், பிறகு முடிவுரை, சமன்பாடுகள் கடைசியில். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறார்கள். ஒளியியல் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான். ஆறு மாதத்தில் பழகிவிடும். முன்பதிப்புகள் (இதழில் வருவதற்கு முன்பே வெளியிடும் கட்டுரைகள்) 1991 முதல் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒளியியல் பிரிவைத் தினமும் காலையில் பத்து நிமிடம் மேயுங்கள்.

ஏழு நாளில் பிரசுரம், பணம் மட்டும் கட்டினால் போதும் என்று அழைக்கும் இதழ்களுக்குப் போகாதீர்கள். அந்தப் பேப்பர் உங்கள் பட்டியலில் இருப்பது இல்லாததை விட மோசம். எழுத ஆரம்பிக்கும் முன்பே ஆசிரியர் வரிசையைப் பேசிவிடுங்கள். நட்பு முறிவதற்கு இதைவிடச் சுலபமான காரணம் லேபில் கிடையாது.

தேசிய லேசர் மாநாட்டோடு மாணவர்களுக்கான பயிற்சி வகுப்புகளும் நடக்கும்; இரண்டாம் வருடத்தில் ஒரு போஸ்டரோடு போய்வாருங்கள். ஆப்டிகா, ஸ்பை (SPIE) ஆகிய ஒளியியல் அமைப்புகளின் மாணவர் கிளைகள் மூலம் பயணச் செலவுக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் என்ன நடக்கிறது என்று இணையத்தில் பார்ப்பதை விட, ஹைதராபாத்தில் உங்கள் சோதனையையே செய்துகொண்டிருக்கும் ஆளோடு ஒரு சாப்பாடு சாப்பிடுவது அதிகப் பயன்.

காசு

2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எப். மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எப். 42,000, விடுதியில் இடம் தராவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. வேளச்சேரியிலோ தரமணியிலோ அறை எடுத்து நண்பர்களோடு தங்கினால் சமாளிக்கலாம். சிக்கல் தொகையில் இல்லை, வரும் தேதியில். உதவித்தொகை சில மாதம் சேர்ந்தாற்போல் வராமல் போய், மொத்தமாக வருவது ஸ்காலர்களுக்குப் பழக்கமான கதை. முதல் தொகை வந்ததும் மூன்று மாத வாடகையைத் தனியாக எடுத்து வையுங்கள். போன் அப்புறம் வாங்கலாம்.

பிஎச்.டி.க்குப் பிறகு

சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) கொடுப்பதற்கு ஒரு வருடம் முன்பே போஸ்ட்டாக் தேட ஆரம்பியுங்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட், ஐரோப்பாவின் மேரி கியூரி, இங்கே அனுசந்தான் ஆராய்ச்சி அறக்கட்டளையின் தேசிய போஸ்ட்டாக் என்று பல. ஹம்போல்டுக்குப் பட்டம் வாங்கி நான்கு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். லேசருக்கு ஜெர்மனி பலமான நாடு. முனிச் பக்கத்தில் கார்சிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த பெரென்க் கிரௌஸுக்கு, அட்டோநொடி (மிக மிகக் குறுகிய ஒளித்துடிப்பு) ஆராய்ச்சிக்காக 2023 நோபலில் பங்கு கிடைத்தது. நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் கற்றுக்கொடுக்க கோத்தே மையம் இருக்கிறது. லேபில் ஆங்கிலமே போதும். வீட்டு ஒப்பந்தம் படிக்கத்தான் ஜெர்மன் வேண்டும். அமெரிக்கா என்றால், லேசர் அங்கே விசாவுக்குக் கூடுதல் சரிபார்ப்பு வரக்கூடிய துறைகளில் ஒன்று. சேரும் தேதிக்கு நான்கைந்து மாதம் முன்பே நேர்காணலுக்குப் போங்கள்.

போஸ்ட்டாக்குக்கு எடுப்பவர் முதலில் பார்ப்பது சிபாரிசுக் கடிதம். கைடின் கடிதம் எப்படியும் இருக்கும். இரண்டாவது கடிதம் யாருடையது என்பதுதான் ஆளை வேறுபடுத்திக் காட்டும். டாக்டோரல் கமிட்டியில் உள்ள ஒருவரிடம் வருடத்துக்கு இரண்டு முறையாவது போய் முடிவுகளைக் காட்டிப் பேசியிருந்தால், அவர் எழுதும் கடிதத்தில் உயிர் இருக்கும். போஸ்ட்டாக்கில் பிஎச்.டி.யின் அதே லேசர், அதே ஆய்வுப் பொருள் என்று போகாதீர்கள். டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு 2018 நோபல் வாங்கிக் கொடுத்தது 1985இல் வெளிவந்த அவருடைய முனைவர் பட்ட வேலை என்பது உண்மைதான், ஆனால் எல்லாருக்கும் 1985 வாய்க்காது.

கல்விப் பக்கம் வேண்டாம் என்று தோன்றினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் பைபர் லேசரை வைத்துத் தகடு வெட்டுகிறார்கள், பற்றவைக்கிறார்கள்; கண் மருத்துவமனைகளில் 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர் தினமும் ஓடுகிறது; ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் சிறு நிறுவனங்கள் உண்டு. பீமை நேராக்கத் தெரிந்த, நோட்டு எழுதத் தெரிந்த ஆளை அவர்கள் விட மாட்டார்கள்.

சொந்த லேப்

திரும்பி வருகிறவர்களுக்கு இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டம் (வயது வரம்பு 32), ராமானுஜன் உதவித்தொகை, ஐ.ஐ.டி.களின் நேரடி விண்ணப்பம் என்று வாசல்கள். மாநில அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வழி. அங்கே வகுப்பெடுக்கும் சுமை அதிகம், ஆனால் நல்ல மாணவர்கள் கிடைப்பார்கள். ஆராய்ச்சித் திட்ட விண்ணப்பத்தில் லேசரின் விலையை மட்டும் எழுதாமல் சில்லர், யு.பி.எஸ்., ஏ.சி., உதிரி விளக்கு, பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

வேலை உத்தரவில் கையெழுத்துப் போடும் முன் அறையைப் பேசி முடிவு செய்துவிட வேண்டும். போட்ட பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். அதிர்வு குறைவு என்பதால் லேசருக்குத் தரைத்தளம்தான் உகந்தது. ஆனால் இது சென்னை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போதும் அந்தக் கட்டடத்தில் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று காவலாளியிடமோ கடைநிலை ஊழியரிடமோ கேளுங்கள். எஸ்டேட் அலுவலகத்தின் கோப்பை விட அவர்கள் நினைவு துல்லியம். தண்ணீர் வந்திருந்தால் முதல் மாடியில், தூணுக்கு அருகே, லிப்ட் மோட்டாரிலிருந்து தள்ளி ஒரு அறை கேளுங்கள். டேபிள் ஆர்டர் கொடுக்கும் முன் அறைக் கதவு, நடைபாதைத் திருப்பம், லிப்ட் மூன்றையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் டேபிள் லிப்டில் ஏறாது. கிரேன் வைத்து ஜன்னல் வழியாக ஏற்ற வேண்டியிருந்தால், அந்தச் செலவுக்கும் இப்போதே அனுமதி வாங்கிவிடுங்கள்.